ஒரே பையில் இரண்டு வீட்டு அரிசி

எங்கள் சபையில் பிடியரிசி வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஸ்கூட்டியில் வீடு சந்திக்கப் போகிற ஊழியக்காரப் பிள்ளைகளுக்கு அந்த வார்த்தையே புதிதாக இருக்கிறது. போன மாதம் பெண்கள் கூட்டத்தில் என்னைப் பிடித்துக்கொண்டு, "அதைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுங்களேன்" என்றார்கள். நின்று போனதில் வருத்தமா என்றும் கேட்டார்கள். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அரிசிப் பையைச் சுமந்து சுமந்து என் வலது தோள் இடது தோளைவிட இறங்கிப் போயிருக்கிறது. ரவிக்கை தைக்கிறவர் அளவெடுக்கும் போதெல்லாம் சிரிக்கிறார்.

பிடியரிசி என்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. சபைக் குடும்பத்துப் பெண்கள் சோறாக்க அரிசி அளந்ததும், அதைக் களைவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளித் தனி டப்பாவில் போடுவார்கள். சும்மா போடக்கூடாது. யாராவது ஒருவரை நினைத்து, அவருக்காக ஒரு வார்த்தை ஜெபித்துப் போட வேண்டும். சனிக்கிழமை நான் பையோடு போய், உட்கார்ந்து ஒரு சங்கீதம் வாசித்து, ஜெபம் பண்ணி, டப்பாவைக் கவிழ்த்து வாங்கி வருவேன். அந்த அரிசி ஆதரவில்லாத வீடுகளுக்குப் போகும். வருஷத்துக்கு ஒருமுறை அசனத்தில் சபை முழுவதும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்போது உலைக்குப் போகும். சபையில் கல்யாணம் என்றாலும் உலையில் முதலில் விழுவது இந்த அரிசிதான்.

சபைப் பதிவில் என் வேலைக்கு வேத ஸ்திரீ என்று பெயர். தெருவில் பைபிள் அம்மா. பயிற்சிப் பள்ளியில் பாட்டும் வேதபாடமும் கதை சொல்லும் விதமும் கற்றுக் கொடுத்தார்கள். வீட்டு வாசலில் கட்டிப் போடாத நாயைச் சமாளிக்கக் கற்றுக் கொடுக்கவில்லை. அதை ராஜபாளையத்தில் முதல் வருஷமே நானாகக் கற்றுக்கொண்டேன். அந்த ஊர் நாய்களுக்கு ஊர்ப்பெருமை ஜாஸ்தி. அங்கே ஒரு தெலுங்கு வீட்டு அம்மா, எங்கள் சபையைச் சேர்ந்தவரே இல்லை, வாரம் தவறாமல் என்னைக் கூப்பிட்டு ஒரு பிடி போடுவார். "யாருக்காகம்மா ஜெபிக்கணும்?" என்று கேட்டேன். "எங்க மருமகளுக்குத்தான். அவளுக்குக் கொஞ்சம் புத்தி வரணும்" என்றார். அந்தப் பிடியும் பைக்குள் போனது. மருமகள் எனக்குக் காப்பி கொடுத்தாள்.

எண்பதுகளின் நடுவில் என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாற்றினார்கள். அங்கே சபைக் குரு ஞானமுத்து ஐயர். எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஒல்லியான நெட்டை மனிதர். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. சொல்ல வேண்டிய உத்தரவை, ஒரு காலைச் சைக்கிள் பெடலில் வைத்துக்கொண்டுதான் சொல்வார். "எஸ்தர், இப்படிச் செய்" என்பார். நான் "ஏன் ஐயா" என்று வாயைத் திறப்பதற்குள் சைக்கிள் தெருமுனையில் இருக்கும். ஒருநாள் ஓடிப்போய் மறித்துக்கொண்டு, "காரணத்தைச் சொல்லிட்டுப் போனா என்னய்யா?" என்று கேட்டேவிட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கும் மேல ஒருத்தர் இருக்காருல்லா எஸ்தர். அவர் எனக்குக் காரணம் சொல்லிட்டா சொல்றாரு?" என்றார். பெடலை மிதித்துவிட்டார்.

அவர் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. ரொம்பத் திருப்தியாக இருந்தால் "சாப்பிட்டியா?" என்பார். அவ்வளவுதான் அவர் கொடுக்கும் மெடல்.

அந்த ஊரில் அண்ணன் தம்பி இருவருடைய வீடுகள் ஒரே முற்றத்தில் ஒட்டினாற்போல் இருந்தன. நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்று. அண்ணன் காலமாகிவிட்டார். அவர் மனைவி வேதம்மாளுக்குப் பிள்ளை இல்லை. தம்பி அருள்ராஜ் ராஜபாளையத்தில் பஞ்சாலை வேலை. ஷிப்டுக்குப் போவார், வருவார், தூங்குவார். அவர் மனைவி கனகம். இவர்களுக்கு ஒரே மகள் குளோரி. குளோரி பிறந்ததும் கனகம் அக்கா நெடுநாள் படுக்கையில் கிடந்ததால், பிள்ளை பால்குடி மறந்த நாளிலிருந்து வேதம்மாளிடம்தான் வளர்ந்தது. உண்பதும் உறங்குவதும் அந்தப் பக்கம்தான். அவள் பெரியம்மா என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, தெருவே வேதம்மாளைப் பெரியம்மா என்றது. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

பெரியம்மாவுக்கு என் மேல் பிரியம். பிரியம் இருந்தால் அவர் வாயில் மரியாதை வராது. "ஏட்டி எஸ்தரு, வாட்டி, வெயில்ல கெடந்து வாரியே, மோர் குடி" என்பார்.

ஒரு புரட்டாசியில் பெரியம்மா வ. புதுப்பட்டியில் இருந்த, தன் கூடப்பிறந்த தம்பி வீட்டுக்குச் சில நாள் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து, ராஜபாளையத்திலிருந்து குளோரியைப் பெண் கேட்டு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை சாமுவேல் பஞ்சாலையில் ஃபிட்டர். நல்ல குடும்பம். மாப்பிள்ளையின் அம்மா கறாரான ஆள், "இன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்று உட்கார்ந்துவிட்டார். கனகம் அக்கா பால்கோவா வாங்கிவரச் சொல்லி, எல்லார் கையிலும் கொடுத்து, சம்மதம் சொல்லிவிட்டார். பெரியம்மா ஊருக்குத் திரும்பி பஸ்சை விட்டு இறங்கும்போது, பூக்காரம்மா "என்னம்மா, பொண்ணுக்கு முடிஞ்சிட்டாமே" என்று வாழ்த்துச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பூக்காரிக்குத் தெரிஞ்ச பொறவுதான் எனக்குத் தெரியணுமா கனகம்?"

கனகம் அக்காவுக்கும் ரோஷம். "நல்ல இடம்க்கா, விட்டாப் போயிரும்" என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். "பெத்தவ நானிருக்கேன்ல" என்றும் சேர்த்துவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. குளோரியின் பாயும் தலையணையும் சுவர் தாண்டி அம்மா வீட்டுக்கு வந்துவிட்டன.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது, பெரியம்மா டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "அவ வீட்டு அரிசி இதுக்குள்ள கெடக்கா?"

"கெடக்கு பெரியம்மா."

"அப்போ என் அரிசிக்கு வேற பை கொண்டா."

கனகம் அக்காவும் அதையே சொன்னார். நான் யோசித்தேன். சண்டைக்காக ஆண்டவருக்குப் போகிற அரிசி நிற்கலாமா? வீட்டில் கிடந்த மஞ்சள் துணியில் இன்னொரு பை தைத்துக்கொண்டேன். வலது தோளில் ஒன்று, இடது தோளில் ஒன்று. தோளுக்கும் நல்லதுதான். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு ஐயர் முன்னால் போய் நின்றேன். அவர் அப்போதுதான் சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தார்.

"ஏன் ரெண்டு பை?"

சொன்னேன். அவர் பெடலிலிருந்து காலை இறக்கினார். அப்படி அவர் இறக்கி நான் பார்த்ததில்லை.

"சபைக்கு ஒரு பைதான் எஸ்தர். அடுத்த வாரத்திலிருந்து ஒரே பை. போட்டாலும் போடாட்டாலும் ரெண்டு வீட்டு வாசலுக்கும் போ, சங்கீதம் வாசி, பையை நீட்டு. இன்னொண்ணு. இவங்க சொன்னதை அவங்ககிட்டயோ, அவங்க சொன்னதை இவங்ககிட்டயோ கொண்டு போகாத. நீ சுமக்க வேண்டியது அரிசி. வார்த்தை இல்ல."

என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட உத்தரவு என்று புரியும். மூட்டையை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் சுமப்பேன். வாயை மூடிக்கொண்டு ஒரு தெரு தாண்டுவது எனக்குப் பெரும்பாடு.

அடுத்த சனிக்கிழமை ஒரே பையோடு போனேன். கனகம் அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டே போட்டார். பெரியம்மா வாசலுக்கு வந்து பையைப் பார்த்தார்.

"வாங்க எஸ்தரம்மா. இன்னைக்கு ஒண்ணும் இல்ல. போயிட்டு வாங்க."

வாங்க, போங்க! அந்த மரியாதை என் நெஞ்சில் குத்தியது. கதவு சாத்திக்கொண்டது. நான் மூடிய கதவைப் பார்த்துச் சங்கீதம் வாசித்தேன். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. வாசித்து முடித்ததும் மறுபடி கேட்டது. வாராவாரம் இதே கதைதான். ஊருக்குப் பக்கத்திலேயே திருவண்ணாமலை என்று ஒரு குன்று, மேலே பெருமாள் கோயில். புரட்டாசிச் சனிகளில் அவரைச் சேவிக்கப் போகிற கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு போகும். அதில் ஒரு அம்மா நின்று, மூடின கதவிடம் பாட்டு வாசிக்கிற என்னைப் பார்த்துவிட்டு, "ஆள் உள்ள இருக்காங்களாம்மா?" என்று அக்கறையாகக் கேட்டார். "இருக்காங்க, கோவத்துல இருக்காங்க" என்றேன். "அப்ப சத்தமாப் படிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து சத்தமாகப் படித்தேன்.

தை மாதம் கல்யாணம் என்று குறித்தார்கள். அதற்கு முன்னால் மூன்று ஞாயிறு சபையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், யாருக்காவது தடை இருந்தால் எழுந்து சொல்லலாம் என்று ஐயர் ஆராதனையில் அறிவிப்பார். அதுதான் ஓலை. பெயருக்குத்தான் கேட்பது, நான் அறிய ஒருவரும் எழுந்ததில்லை. இந்த முறை பெரியம்மா குழாயடியில் வைத்துச் சொல்லிவிட்டார். "மூணாவது ஓலைக்கு நான் எந்திரிப்பேன்."

மூன்றாவது ஓலைக்குத்தான் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்காருவார்கள். இந்தச் செய்தி எப்படியோ ராஜபாளையம் போய்ச் சேர்ந்தது. நான் சொல்லவில்லை, சத்தியமாக. மாப்பிள்ளையின் அம்மாவிடமிருந்து பதில் வந்தது. "கோயிலுக்குள்ள ஒரு சொல் எழும்பிச்சுன்னா, நாங்க அப்படியே பஸ் ஏறிருவோம்."

குளோரி என்னைத் தேடி வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "பெரியம்மா எந்திரிச்சா கல்யாணம் நின்னுரும்க்கா. எந்திரிக்காம வீட்டுலயே இருந்துட்டா, அவிய இல்லாம நான் தாலி ஏத்துக்க மாட்டேன். நான் என்னக்கா செய்ய?"

அந்தப் பிள்ளையின் வாழ்க்கை இரண்டு பக்கமும் இழுபட்டுக்கொண்டிருந்தது. இந்தக் கடைசி வார்த்தையைக் கொண்டுபோய்ப் பெரியம்மா காதில் போட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. நாக்கு நுனியில் நின்றது. ஐயரிடம் ஓடினேன். "இந்த ஒரு வார்த்தை மட்டும் சுமந்துக்கிறேனேய்யா" என்று கெஞ்சினேன்.

"நீ சொன்னா, அது கனகம் சொல்லி அனுப்பினதாத்தான் தெரியும். அந்தப் பிள்ளைக்கு வாய் இருக்கு. அவங்களுக்குக் காது இருக்கு. நடுவுல இருக்கிறது இடுப்பளவுச் சுவர்" என்றார். சைக்கிள் போய்விட்டது. அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த கோபத்தை ஆண்டவர் மட்டுமே அறிவார். ஆனாலும் கீழ்ப்படிந்தேன். முணுமுணுத்துக்கொண்டே கீழ்ப்படிவதும் ஒரு கணக்கில் சேரும் என்று நம்பிக்கொண்டேன்.

முதல் ஓலை. ஐயர் வாசிக்கும்போது சபை முழுவதும் திரும்பிப் பெரியம்மாவைப் பார்த்தது. அவர் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். இரண்டாவது ஓலையில் அவருக்கு இருமல் வந்தது. முன் பெஞ்சில் இருந்த இரண்டு மூப்பர்கள் எழுந்தே விட்டார்கள்.

மூன்றாவது ஓலைக்கு முந்தின சனிக்கிழமை, பெரியம்மா வீட்டு வாசலில் சங்கீதம் வாசித்து முடித்தேன். கதவு திறந்தது. அவர் பையின் வாயை விரித்து உள்ளே பார்த்தார். கனகம் அக்கா போட்ட புழுங்கலரிசி மேலாகக் கிடந்தது.

"குளோரி சாப்பிடுதாளா?"

அவள் சொன்ன அத்தனையும் உள்ளே முட்டிக்கொண்டு நின்றது.

"சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கா பெரியம்மா. நீங்களே கேளுங்க" என்றேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். வீடு வரும்வரை அழுதுகொண்டே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பெஞ்சை நிறைத்து உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கைப்பையை மடியில் தயாராக வைத்திருந்தார். பெரியம்மா தாமதமாக வந்தார், கையில் துண்டில் கட்டிய பெரிய பொதி. தூக்க முடியாமல் தூக்கி வந்து பெஞ்சுக்குக் கீழே தள்ளினார். எனக்குப் புரிந்துவிட்டது. தடையைச் சொல்லிவிட்டுத் துணிமணியோடு வ. புதுப்பட்டிக்குப் பஸ் ஏறப் போகிறார்.

ஐயர் ஓலையை வாசித்தார். தடை உண்டா என்று கேட்டுவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பெரியம்மா எழுந்தார்.

"எனக்கு ஒரு தடை இருக்கு."

குளோரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நின்றேவிட்டார். ஐயர், "சொல்லுங்கம்மா" என்றார்.

"மாப்பிள்ளை மேல ஒண்ணும் இல்ல. நானும் விசாரிச்சுட்டேன், தங்கமான பையன். தடை அரிசியில இருக்கு." சபையில் ஒருவருக்கும் விளங்கவில்லை. "நம்ம சபையில கல்யாண உலையில மொதல்ல விழுறது சபைப் பை அரிசிதான? அந்தப் பையில என் பிடி விழுந்து எம்புட்டோ நாளாச்சு. என் பிடி இல்லாத சோத்தை எம்புள்ள கல்யாணத்துல ஒருத்தரும் திங்கப்பிடாது. அதான் தடை."

குனிந்து, பொதியை இழுத்து அவிழ்த்தார். பெரிய பிஸ்கட் டப்பா. மூடி மூட முடியாமல் அரிசி மேலே கூம்பி நின்றது.

ஐயர் பிரசங்கம் சொல்கிற அதே குரலில், "எஸ்தர், பையைக் கொண்டு வா" என்றார். ஓடிப்போய் எடுத்து வந்து விரித்துப் பிடித்தேன். பெரியம்மாவால் டப்பாவைத் தூக்க முடியவில்லை. கனகம் அக்கா தன் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து மறுபக்கம் பிடித்தார். இரண்டு பேருமாகக் கவிழ்த்தார்கள். பாதி பையில் விழுந்தது, பாதி என் காலில் கொட்டியது.

"இம்புட்டா அக்கா?" என்றார் கனகம் அக்கா.

"ஒரு நாளும் விடல. ஒவ்வொரு பிடிக்கும் அவ பேருதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை பேசாம இருந்தீயளே!"

"ஒங்கிட்டதான பேசல. ஆண்டவர்ட்ட பேசிக்கிட்டுத்தான இருந்தேன்."

குளோரி பெஞ்சைத் தாண்டி ஓடி வந்து இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அரிசியை மிதித்துக்கொண்டு மூன்று பேரும் அழுதார்கள். நான் பையைப் பிடித்திருந்ததால் கண்ணைத் துடைக்கக் கை இல்லை. மாப்பிள்ளையின் அம்மா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். எல்லார் கண்ணும் அவர் பக்கம் திரும்பியது. அவர் கைப்பையைப் பெஞ்சில் வைத்தார்.

"எங்க வீட்டுல இருந்து ஒரு பிடி போடணும்னா யார்ட்டக் குடுக்கணும்?" என்று கேட்டார்.

ஐயர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "தடை கேட்டுத் தீர்க்கப்பட்டது. மாதர் சங்கக் கூட்டம் புதன்கிழமை சாயங்காலம்" என்று அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார். ஆராதனை முடிந்து வாசலில் என்னைப் பார்த்தபோது மட்டும், "சாப்பிட்டியா எஸ்தர்?" என்றார்.

சனிக்கிழமை நான் அழுதுகொண்டே போன பிறகு நடந்ததைக் குளோரி சொல்லித்தான் அறிந்தேன். பெரியம்மா சுவரோரம் வந்து, "ஏட்டி குளோரி, சாப்பிட்டியா?" என்று கூப்பிட்டிருக்கிறார். அவள் என்னிடம் சொன்ன அதே வார்த்தையைத் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறாள். நான் சுமந்து போயிருந்தால் பாதி வழியிலேயே கெட்டுப் போயிருக்கும். ஐயர் மேல் எனக்கிருந்த கோபம் அன்றைக்குத்தான் ஆறியது.

மாதக்கணக்கில் கிடந்த டப்பா அரிசியில் வண்டு விழுந்திருந்தது. பெரியம்மாவும் கனகம் அக்காவும் ஒரே பாயில் உட்கார்ந்து, முறத்தில் புடைத்துப் பொறுக்கினார்கள். பேசாமல் விட்ட பேச்சையெல்லாம் அந்தப் பாயிலேயே பேசி முடித்தார்கள். கல்யாணத்தன்று உலை கொதித்ததும், சபை அரிசியை இரண்டு பேருமாக அள்ளிப் போட்டார்கள். புழுங்கல், பச்சை, ரேஷன் எல்லாம் கலந்த அரிசி எந்தக் காலத்தில் ஒன்றுபோல் வெந்திருக்கிறது? சமையல்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பந்தியில் மாப்பிள்ளையின் அம்மா இலையைப் பார்த்துவிட்டு, "ஒரு பருக்கை குழையுது, ஒரு பருக்கை முறைக்குதே" என்றார்.

"அது சபைச் சோறு. அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிப் பெரியம்மா இன்னொரு கரண்டி வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை பையோடு போனேன். கனகம் அக்கா போட்டார். சுவரின் அந்தப் பக்கம் போனேன். கதவு திறந்தே கிடந்தது. பெரியம்மா தன் டப்பாவைக் கவிழ்த்தார். அரிசி, கனகம் அக்கா போட்ட அரிசி மேல் குவியலாக விழுந்து நின்றது. அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நல்லாக் குலுக்குட்டி எஸ்தரு. எது யாருதுன்னு தெரியப்பிடாது."